சீனித்தாய் உட்கார்ந்திருந்த நாட்கள்

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், பின்னங்கால் ஆடும். இதில் உட்காருங்கள். எஸ்தர் என்றுதானே சொன்னீர்கள்? பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்கிறீர்கள். நல்லது. இப்போது அதற்கென்று மண்டபமும் மதியச் சாப்பாடும் வந்துவிட்டன. எங்கள் காலத்தில் அந்தப் பயிற்சியைப் போலீஸ் ஸ்டேஷனில்தான் கொடுத்தார்கள். சிரிக்கலாம், தப்பில்லை.

போனை இங்கே வையுங்கள், பதிவாகட்டும். நான் பேசுகிற வேகத்துக்கு எழுத முடியாது. என் கூட்டங்களுக்குக் குறிப்பெடுக்க வந்த ஏட்டுகளைக் கேட்டால் சொல்வார்கள். ஒன்றே ஒன்று. விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்களே, அதை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். கோபமில்லை. பெண்களின் கை அப்படி அசைந்தால் எனக்குப் பேச்சு தடுமாறும்.

சீனித்தாயைப் பற்றிக் கேட்டு வந்திருக்கிறீர்கள். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். அந்த அம்மாவுக்கு அவ்வளவு தன்னம்பிக்கை எங்கிருந்து வந்தது என்கிறீர்கள். நான் கொடுத்தேன். வேறு யார் கொடுத்தார்கள்? பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் படித்ததெல்லாம் நாலணா சிறுபிரசுரம். வர்க்கம் என்றால் என்ன, அரசு என்றால் என்ன, தலைமை என்றால் என்ன, எல்லாம் பதினாறு பக்கத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டு மூன்று தடவை சிறைக்குப் போனவன் இந்த அய்யலுச்சாமி. இன்றைக்குத் தொழிற்சங்கத்தில் என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "ஓ, அந்தப் பெரியவரா" என்பார்கள். பெரியவர்! மே தினத்துக்குக் கொடியேற்ற மட்டும் கூப்பிடுகிற பெரியவர். சரி, அதை விடுங்கள்.

எண்பத்தாறாம் வருஷம். கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். தீப்பெட்டி செய்கிற இடத்தை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கட்டை அடுக்குகிற கொட்டகையில் இருநூறு பெண்கள். கட்டை என்றால் ஒரு மரச்சட்டம் அம்மா. வரிசையாகக் காடி வெட்டியிருக்கும். ஒரு காடிக்கு ஒரு குச்சி. அடுக்கி இறுக்கினால்தான் குச்சி முனையை மருந்தில் முக்கலாம். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை விரல் நிற்காது.

அந்தக் கொட்டகைக்கு முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று. பின்வாசலைப் பூட்டியே வைத்திருந்தார்கள். பெண்கள் குச்சியை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். மருந்தறையோ முன்வாசலை ஒட்டி. அங்கே தீப்பிடித்தால் இருநூறு பேர் எந்த வழியாக வெளியே வருவது? அந்தச் சித்திரையில் பக்கத்து ஊர் ஆபீஸ் ஒன்றில் பிடித்தது. நான்கு பெண்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. பின்வாசலைத் திற, அவ்வளவுதான் கோரிக்கை. சம்பளம்கூடக் கேட்கவில்லை.

சீனித்தாய்க்கு அப்போது முப்பத்தாறு வயது. அங்கே சங்கம் சேர்க்கப் போன என்னைவிட எட்டு வயது மூத்தவர். கட்டை அடுக்குவதில் அந்தக் கைக்கு ஈடு கிடையாது. முறைப்படி நான் அக்கா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது பிற்போக்கு என்று எதிலோ படித்திருந்தேன். அதனால் தோழர் சீனித்தாய் என்றேன். என்னையும் தோழர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்றேன். "சரி தோழர் தம்பி" என்றார். கடைசிவரை தோழர் தம்பிதான். மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதலாளியிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், தாளில் சோற்றுத் தட்டைக் கவிழ்த்து ஒரு வட்டம் போடுவார்கள். கேட்பதை வட்டத்துக்குள் யாரையாவது விட்டு எழுதச் சொல்வார்கள். பிறகு வட்டத்தைச் சுற்றி எல்லோரும் கைநாட்டு வைப்பார்கள். தாளைத் திருப்பித் திருப்பி வைப்பதால் யார் முதலில் வைத்தது, யார் கடைசியில் வைத்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தட்டு சீனித்தாயுடையது. தாளை இருநூறு பேரிடமும் கொண்டுபோய், பேசி, பயந்தவளுக்குத் தைரியம் சொல்லி வாங்குவதும் சீனித்தாய்தான். ஆனால் யார் கேட்டாலும், "எல்லாரும் சேந்துதான் கேட்டோம்" என்பார்கள். குடிதண்ணீர்ப் பானை அப்படி வந்தது. கைப்பிள்ளைக்காரிகளுக்குப் பால் கொடுக்க அரைமணி நேரம் அப்படி வந்தது.

எனக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. முகம் காட்டப் பயப்படுகிறவர்கள் என்றைக்குத் தலைவர் ஆவது? பின்வாசலுக்காக அவர்கள் ஏற்கெனவே ஒரு வட்டத்தாள் போட்டு வைத்திருந்தார்கள். அதை அவர்கள் முன்னாலேயே கிழித்தேன். ஆமாம், கிழித்தேன். கோடு போட்ட முழுத்தாள் வாங்கிவந்து, இடதுபக்கம் எண் போட்டேன். ஒன்றாம் எண்ணுக்கு நேராக விரலை வைத்து, "இங்கே உங்கள் பெயர், தோழர் சீனித்தாய்" என்றேன்.

"ஏன், வட்டத்துல வச்சா மை ஒட்டாதா?"

"வட்டத்துக்குத் தலை கிடையாது தோழர். தலை இல்லாமல் போராட்டம் இல்லை."

"தல இருந்தாத்தான தம்பி வெட்டுவாங்க?"

கொட்டகையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பயம்தான் அடிமைத்தனத்தின் முதல் படி என்று அரைமணி நேரம் பேசினேன். கேட்டுவிட்டுச் சொன்னார், "சரி, எம் பேரு ஒண்ணாம் நம்பர். ஒங்க பேரு எத்தனையாம் நம்பர்?"

நான் அந்த ஆபீஸில் வேலை பார்க்கிறவன் இல்லை, என் கையெழுத்து சட்டப்படி செல்லாது என்று விளக்கினேன். அது உண்மைதான் அம்மா. சட்டப்படி அது முழு உண்மை.

"பெறகென்ன, சட்டமே தோழர காப்பாத்திட்டு" என்றாள் முத்துக்கனி. சீனித்தாய்க்குப் பக்கத்து இடம் அவளுக்கு. வாய் நீளம்.

விடாமல் ஒரு வாரம் பேசினேன். கைநாட்டுத்தான் வைப்பார் என்பதால் கையெழுத்துப் போடவும் நானே சொல்லிக்கொடுத்தேன். 'சீ' எழுத இரண்டு நாள், 'னி' எழுத ஒரு நாள். கடைசியில் ஒன்றாம் எண்ணில் தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டுத் தாளைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இது நானாக்கும்" என்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தன்னம்பிக்கை என்கிறீர்களே, அதுதான் அது. அதை உங்கள் புத்தகத்தில் போடுங்கள்.

மனு தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்குப் போனது. மூன்றே நாளில் அதன் நகல் முதலாளி மேசைக்கும் போனது. எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அதிகாரி வந்து பார்த்தார், பின்வாசல் திறந்தது. வெற்றி அம்மா! முழு வெற்றி! கதவைக் கழற்றியே எடுத்துவிட்டார்கள். நான் நோட்டீஸ் அடித்து ஊர் ஊராகக் கொடுத்தேன்.

அடுத்து வந்த திங்கள்கிழமை. சீனித்தாய் வழக்கம்போல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். வெறும் சட்டத்தை முன்னால் வைத்தார்கள். குச்சி தரவில்லை. கணக்குப்பிள்ளை சங்கரபாண்டியிடம் கேட்டதற்கு, "ஒண்ணாம் நம்பர் தலைவியில்லா நீங்க? தலைவிக்கு எதுக்கு வேல? சும்மா இருங்க" என்றானாம்.

வேலையை விட்டு நீக்கினால் நாங்கள் வழக்குப் போடுவோம். அண்ணாச்சிக்கு அது தெரியும். அதனால் நீக்கவில்லை. உட்கார வைத்தார். வருகைப் பதிவு உண்டு, வேலை இல்லை, வேலை இல்லாததால் கூலி இல்லை.

சீனித்தாய் என்னிடம் வந்து, "நான் காட்டு வேலைக்கு, களையெடுக்கப் போறேன் தம்பி" என்றார். நான் விடவில்லை. போகாமல் இருந்தால் தானாக வேலையை விட்டதாக எழுதிக்கொள்வார்கள், கூலி கேட்டு நாங்கள் போடுகிற வழக்கு நிற்காது. "உட்காருங்கள். உட்காருவதும் போராட்டம்தான். இருநூறு பேரும் உங்களைப் பார்த்துத் தைரியம் பெறுவார்கள்" என்றேன்.

உட்கார்ந்தார். நாற்பத்து மூன்று நாள்.

பின்வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. கதவு இல்லாததால் அங்கிருந்து பார்த்தால் கொட்டகைக்குள் நேராகத் தெரியும். நான் தினமும் போய் நிற்பேன். தனியாக விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள். முதல் சில நாட்கள் பக்கத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு பிடி குச்சியைத் தள்ளிவிட்டார்கள். சங்கரபாண்டி அதைப் பார்த்து, தள்ளியவர்களுக்கும் அன்றைக்குக் குச்சியை நிறுத்தினான். அதோடு அது நின்றது.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நான் கையைக் கவனித்தேன். சீனித்தாயின் கை அசைந்துகொண்டிருந்தது. வலது கை தரையிலிருந்து எதையோ எடுக்கும். இடது கை சட்டத்தைப் பிடித்திருக்கும். எடுத்ததைக் காடியில் வைக்கும். கட்டைவிரலால் அழுத்தும். மறுபடி எடுக்கும். தரையில் ஒன்றும் கிடையாது அம்மா. சட்டத்திலும் ஒன்றும் கிடையாது. ஒரு காடியையும் விடாமல் அடுக்கிக்கொண்டே போனார்.

நான் அதற்கு ஒரு நோட்டீஸ் எழுதினேன். 'அமர்ந்தே போரிடும் வீரத்தாய்' என்று தலைப்பு. நல்ல நடை. அதைப் படித்துவிட்டு சாத்தூரிலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். டீயைக் குடித்துக்கொண்டே பின்வாசல் வழியாக சீனித்தாயைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான்தான் விளக்கம் சொல்வேன். தினமும் நான்கு மணிக்குப் பெண்களுக்கு டீ வரும். அப்போது ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்ப்பார். நான் முஷ்டியை உயர்த்துவேன். திரும்பிக்கொள்வார். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

எஸ்தரம்மா, அந்தப் போனைக் கொஞ்சம் அணைக்கிறீர்களா?

இது புத்தகத்துக்கு இல்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. அவள் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். "நான் வேலை செஞ்சா ஒங்களுக்கு ஏன் ஆகமாட்டேங்குது?" என்பாள். சாகிறவரை அவளுக்குக் காரணம் தெரியாது. பஸ்ஸில் பூக் கட்டிக்கொண்டு வருவார்கள், நான் முன்னால் போய் நின்றுகொள்வேன். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் ஒரு பெண்ணின் கை எதையோ எடுக்கும், எதிலோ வைக்கும். முப்பத்தெட்டு வருஷம். பேய் பிசாசு எதையும் நம்பாதவன் நான். அதற்கு எதிராகவே நாற்பது கூட்டம் பேசியிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் சங்கரபாண்டி சங்க ஆபீஸுக்கு வந்தான். அப்போது சங்க ஆபீஸ் இதே அறைதான். உட்காரக்கூட இல்லை. "அண்ணாச்சி ஒரு சேதி சொல்லி விட்டாவ" என்றான். கதவைத் திறந்தது திறந்ததுதான், மூட மாட்டாராம். ஆனால் ஒருத்தி கேட்டுத் திறந்தார் என்று ஊரில் பேச்சு இருக்கக் கூடாதாம். எண் போட்ட அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பெண்கள் எப்போதும் போடுகிற மாதிரி வட்டம் போட்டு, எல்லோரும் கேட்டதாக ஒரு தாள் கொடுத்தால் போதுமாம். மறுநாளே சீனித்தாய்க்குக் குச்சி. "மன்னிப்பு எல்லாம் வேண்டாம். அந்தம்மாட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றான்.

"கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

கேட்கவில்லை.

கேட்டால் சரி என்று சொல்லிவிடுவார். அது எனக்குத் தெரியும். சட்டென்று தட்டை எடுத்துக் கவிழ்த்துவிடுவார். அப்புறம் என் தாள் என்ன ஆவது? ஒன்றாம் எண் என்ன ஆவது? இரண்டாயிரம் நோட்டீஸ் போயிருக்கிறது, ஆட்கள் பஸ் ஏறி வருகிறார்கள். மறுபடி வட்டத்துக்குப் போனால் நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் வீண் என்றாகிவிடும். இயக்கம் என்றால் அப்படித்தான் அம்மா. ஒரு தனி ஆளின் வசதியைப் பார்க்க முடியாது.

மறுநாள் சங்கரபாண்டியைப் பார்த்துச் சொன்னேன். "சீனித்தாய் முடியாது என்று சொல்லிவிட்டார்."

நான் முடியாது என்று சொல்லவில்லை. சீனித்தாய் முடியாது என்று சொல்லிவிட்டார் என்றேன். ஒரு பெண் சொல்வதாக இருந்தால் அதற்கு வலு அதிகம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு கொட்டகை மாறிவிட்டது. எனக்கு அப்போது ஏன் என்று புரியவில்லை. சீனித்தாயின் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு பாய் அளவுக்கு வெறும் தரை, அதில் சீனித்தாய் மட்டும். கை மட்டும் நிற்கவில்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் நான்கு மணிக்கு டீ வந்தது. அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிக் காடியில் கட்டைவிரலை அழுத்தினார். சட்டத்தை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கினார். ஒரு குச்சியும் சரியாமல் எப்படித் தூக்குவார்களோ அப்படி. முடித்த கட்டைகளை ஒப்படைக்கிற இடத்துக்கு நடந்து போய், சங்கரபாண்டி முன்னால் வைத்துவிட்டு நின்றார். இருநூறு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். சங்கரபாண்டி அந்த வெறும் சட்டத்தைப் பார்த்தான், சீனித்தாயைப் பார்த்தான். வாய் ஓயாத ஆள் அவன். எழுந்து நின்றுவிட்டான்.

பிறகு பின்வாசல் வழியாக வெளியே வந்தார். என்னைத் தொட்டுவிடும் தூரத்தில் போனார். "தோழர்" என்றேன். காதில் விழாதவர் போலப் போனார்.

வழக்கு தோற்றது. நாற்பத்து நான்காம் நாள் வராததால் தோற்றது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று வெகுகாலம் நான் மேடையில் சொல்லிவந்தேன்.

அதற்கப்புறம் அவர் என்ன செய்தார் என்பது உங்களுக்கே தெரியும். காட்டு வேலை, கொத்து வேலை, கடைசியில் முப்பது பெண்களைச் சேர்த்துக்கொண்டு கடலைமிட்டாய் போட ஆரம்பித்தார். இன்றைக்கு அதில் நூறு பேர் வேலை செய்கிறார்கள். அதனால்தானே நீங்களும் தேடி வந்திருக்கிறீர்கள். நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. வெல்லப்பாகு வாசனை வந்தாலே சுற்றிக்கொண்டு போவேன். ஒரே ஊர்தான். சந்தையில் எதிரே பார்த்தால் நான்தான் திரும்பிவிடுவேன்.

இதை உங்களிடம்தான் சொன்னேன். வேறு யாருக்கும் தெரியாது.

என்ன?

யாருக்குத் தெரியும்?

சீனித்தாய்க்கா? அவருக்கு எப்படித் தெரியும்? சங்கரபாண்டி சொல்லியிருக்க மாட்டான். நான் அவனிடம்... யார், முத்துக்கனியா? முத்துக்கனி கேட்டாளா? எப்போது? பதினோராம் நாளேவா?

இருங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். சங்கரபாண்டி போய் முத்துக்கனியிடம் சொல்லியிருக்கிறான். "முடியாதுன்னு தோழர்கிட்டச் சொன்னியாமே, எங்க வட்டம் ஒனக்கு அவ்வளவு கேவலமாப் போச்சா" என்று முத்துக்கனி கேட்டிருக்கிறாள். சீனித்தாய் என்ன சொன்னார்? ஒன்றுமே சொல்லவில்லையா? நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! சொல்லியிருந்தால் அவர்கள் ஏன் நகர்ந்து உட்காரப் போகிறார்கள்? ஏன் சொல்லவில்லை?

"அந்தத் தம்பி வந்து சொல்லட்டும்னு இருந்தேன்." உங்களிடம் இப்படியா சொன்னார்? இதே வார்த்தையா?

பதினொன்றிலிருந்து நாற்பத்து மூன்று வரை. நான்கு மணிக்குத் திரும்பிப் பார்த்தது அதற்கா? நான் சொல்வேன் என்றா?

அப்படியென்றால் பாருங்கள், அவர் தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தன் முடிவைத் தானே எடுத்திருக்கிறார்! இதுதான் தலைமை. நான் கொடுத்த அந்த ஒன்றாம் எண் இல்லையென்றால் இந்த மனவுறுதி எங்கிருந்து வரும்? போனைப் போடுங்கள், இதைப் பதிவு செய்யுங்கள். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? போடுங்கள் அம்மா.

சரி. வேண்டாம். போட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நடத்துகிற பெண்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடத்தான் வந்தீர்களா? புத்தகம் எழுதுவதாகச் சொன்னீர்களே. ஓ, புத்தகமும் உண்டு. ஆனால் சீனித்தாய் மேடை ஏற மாட்டேன் என்கிறார். நான் வந்து எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்ன பிறகுதான் பேசுவேன் என்கிறார். உங்களை அனுப்பியது அவர். முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா. ஓ, அதுவும் அவர் சொன்னதா? "சொல்லாம விட்டுப் பாரு, தானா சொல்லுதாரான்னு பாப்போம்" என்றாரா?

எனக்கு இளைப்பு இருக்கிறது. மூட்டு வலி. ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு கூட்டம்... இல்லை, கூட்டம் எதுவும் இல்லை. எத்தனை பேர் வருவார்கள்? முத்துக்கனி இருக்கிறாளா? வருகிறாளா.

சரி, வருகிறேன். பேசுவதற்கு நான் பயந்தவனா? போலீஸ் தடியைப் பார்த்துக்கொண்டே பேசியவன். 'அன்பார்ந்த உழைக்கும் தாய்மார்களே, வரலாற்றின் ஒரு நெருக்கடியான கட்டத்தில்...' இல்லை. இது வேண்டாம். 'அன்றைய சூழ்நிலையில், இயக்கத்தின் நலன் கருதி...' இல்லை. 'சில தவறுகள் நிகழ்ந்தன...' நிகழ்ந்தன என்றால் யார் செய்தது என்று முத்துக்கனி கேட்பாள்.

இருங்கள், வருகிறது. ஒரு வரிதானே. இருங்கள்.

எஸ்தரம்மா, நீங்கள்தானே பேசுவதற்குப் பயிற்சி கொடுக்கிறவர். பயந்த பெண்களை மேடையில் நிறுத்தி எப்படிப் பேச வைக்கிறீர்கள்? அவர்களிடம் முதலில் என்ன சொல்லச் சொல்வீர்கள்? அதை மட்டும் எனக்குச் சொல்லிக்கொடுங்கள். முதல் வரி மட்டும் போதும்.